அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்த வரி

வயது நாற்பதைத் தாண்டிய பிறகும் அவளை விட்டுப் பாப்பா என்கிற பெயர் போகவில்லை. பிறந்த வீட்டில் கடைசிப் பெண். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ஆபீஸிலாவது "மேடம்" என்று கூப்பிடுவார்கள் என்று கொஞ்ச காலம் ஆசையாக இருந்தாள். ஒருநாள் கணவன் ஆபீஸ் எண்ணுக்கு போன் செய்து, "பாப்பா இருக்காளா?" என்று கேட்டுவைத்தான். போனை எடுத்தது வயர்மேன். அதோடு மேடம் கதை முடிந்தது.

ஆபீஸ் என்றால் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் படுக்கையோரம் கூப்பிடு மணி பொருத்திக் கொடுக்கிற தொழில். முதலாளி அலைந்து திரிந்து வேலை பிடித்து வருவார். வயர்மேன் சுவரைத் துளைத்துக் கம்பி இழுப்பார். கம்பி வழியாக வருவதை வாங்கி, நர்ஸ் மேஜைக்கு மேலே தொங்கும் போர்டில் எந்தப் படுக்கை கூப்பிடுகிறது என்று காட்ட வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதுகிறவள் பாப்பா.

இதற்கென்று அவள் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் தட்டச்சு வகுப்புக்குப் போனாள். ஒரு கிடங்கில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அங்கே டைப்ரைட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது மற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். இவள் மட்டும் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். புத்தகம் வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் படித்து, தப்புத் தப்பாக எழுதி, ஒவ்வொன்றாகத் திருத்தித்தான் கற்றுக்கொண்டாள். புத்திசாலி என்று யாராவது சொன்னால் கூசிப்போவாள். எல்லாம் மேலே இருக்கிறவன் கொடுத்தது என்பாள். எந்தப் புரோகிராமைத் தொடங்கினாலும் முதல் எழுத்தைத் தட்டும் முன் கண்ணை மூடி, "கடவுளே, கூடவே இரு" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

"என்ன பாப்பா, அவருக்கும் பாஸ்வேர்ட் குடுத்தாச்சா?" என்பார் வயர்மேன்.

"அவருக்கு எதுக்குண்ணே பாஸ்வேர்ட்?" என்று சிரிப்பாள்.

அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தபோது பாப்பாவுக்கு இரட்டைச் சந்தோஷம். அதில் கீழ் வார்டு முதியவர்களுக்கானது. அந்த வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ் அவளுடைய நாத்தனார். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. கண்டிப்பானவள். அவள் வார்டில் ஒரு போர்வை கோணலாகத் தொங்காது. "நம்ம பாப்பா எழுதறது, சரியாத்தான் இருக்கும்" என்று பெரிய டாக்டரிடம் அவளே சொல்லியிருந்தாள்.

வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. மேல் வார்டில் புதுப் பெட்டிகள், கீழ் வார்டில் பழைய பெட்டிகள். படுக்கையில் பொத்தானை அழுத்தினால் பெட்டி ஒரு வரி எழுத்தை அனுப்பும்: என்ன நேரம், எந்தப் படுக்கை என்று. எழுத்துகள் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு வரி எங்கே முடிகிறது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அதில்தான் வினை.

டைப்ரைட்டரில் வரி முடிந்தால் இரண்டு காரியம் நடக்கும். உருளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். காகிதம் ஒரு வரி இறங்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த இரண்டும் இரண்டு அடையாளங்களாக நின்றுவிட்டன. புதுப் பெட்டி 'திரும்பு', 'இறங்கு' என்று இரண்டையும் அனுப்பும். பழைய பெட்டி 'திரும்பு' என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

வரி வரியாக வெட்டிக் கொடுக்கும் கருவி ஆயத்தமாகவே கிடைக்கும், இட்டரேட்டர் என்பார்கள். "ஒரு வரி கொடு" என்றால் ஒன்று எடுத்துக் கொடுக்கும். மறுபடி கேட்டால் அடுத்தது. வரி இல்லையென்றால், வரும்வரை வாசலில் நிற்கும். ஆனால் அது 'இறங்கு' வந்தால்தான் வெட்டும். கீழ் வார்டு எழுத்து வெட்டுப்படாமல் பாம்பு மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. சரி, இரண்டில் எது வந்தாலும் வெட்டு என்று பாப்பா மாற்றிப் பார்த்தாள். இப்போது மேல் வார்டில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வெற்று வரி விழுந்தது. யாருமே இல்லாத படுக்கைக்கு போர்டு கூவியது.

அதனால் அவளே சொந்தமாக ஒரு இட்டரேட்டர் எழுத உட்கார்ந்தாள். எழுத்தை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்க வேண்டும். 'திரும்பு' வந்தால் உடனே வெட்டக் கூடாது. அடுத்த எழுத்து என்ன என்று எட்டிப் பார்க்க வேண்டும். அது 'இறங்கு' என்றால் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு வரியைக் கொடு. வேறு எழுத்து என்றால், அதைப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு வரியைக் கொடு. அவ்வளவுதான். சின்னது, ஒரு உள்ளங்கையில் அடங்கும். இரண்டு வார்டிலிருந்தும் முன்பே சேமித்து வைத்திருந்த எழுத்தை அதில் ஓடவிட்டாள். ஒரு வரி குறையவில்லை, ஒரு வெற்று வரி விழவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி நன்றி சொன்னாள். தான் எழுதியதிலேயே அழகானது இதுதான் என்று தோன்றியது. அதைக் கூட வெளியே சொல்லக் கூச்சப்பட்டாள்.

மேல் வார்டில் முதலாளியும் அவளுமே நின்று சோதித்தார்கள். கீழ் வார்டை வயர்மேன் பார்த்துக்கொண்டார். மணி பொருத்துகிற யாரும் பொத்தானை ஒருதரம் அழுத்திவிட்டுச் சும்மா இருப்பதில்லை. டிங் டிங் என்று இரண்டு தட்டுத் தட்டுவார்கள். எல்லாப் படுக்கையும் போர்டில் வந்தது. வேலை முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஏன் பாப்பா, உன் போர்டுக்கு என்ன பேய் பிடிச்சிருக்கா? ஓடிப் போய் நின்னா, 'நான் கூப்பிடலியேம்மா'ங்கறாங்க. திரும்பி வந்தா மறுபடி இன்னொருத்தர். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு."

பாப்பா சிரித்தாள். "யாரும் அழுத்தாம அது கூப்பிடாது அண்ணி. ஒருதரம் அழுத்திட்டுப் பொறுமையா இருக்க மாட்டாங்க, ரெண்டு தடவை மூணு தடவை அழுத்துவாங்க. அந்த ரெண்டாவது பின்னாடி வந்து நிக்கும். எல்லார்கிட்டயும் ஒருதரம் அழுத்தினாப் போதும்னு சொல்லிடுங்க. சரியாயிடும்."

"நான் சொன்னா கேப்பாங்களா?"

"நீங்க சொன்னா சுவரே கேக்கும் அக்கா" என்றான் தம்பி. நாத்தனார் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாளே அவள் படுக்கை படுக்கையாகப் போய்ச் சொன்னாள். ஒருதரம் அழுத்துங்க, நான் வருவேன். எல்லாரும் தலையாட்டினார்கள்; தலையாட்டிவிட்டுப் பழையபடியே அழுத்தினார்கள். சொன்னதைச் சொன்னபடி கேட்டவர் ஒருவர்தான். ஜன்னலோரப் படுக்கையில் இருந்த லிஃப்ட்காரர்.

ஒரு பெரிய கட்டடத்தில் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ஓட்டியவர் அவர். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று பொத்தானைப் போட்டு நசுக்குகிறவர்களின் அவசரத்தைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போனவர். "நான் எதுக்கும்மா ரெண்டு தடவை அழுத்தப் போறேன்? மணியோட கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்று நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், வார்டு அடங்கியிருந்தது. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண்ணயர்ந்த நேரம். லிஃப்ட்காரருக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. ஒருதரம் அழுத்தினார். காத்திருந்தார். யாரும் வரவில்லை. இன்னும் காத்திருந்தார். கடைசியில் அடக்க முடியாமல், கட்டிலைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். தரையில் விழுந்த சத்தம் கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது.

அவருடைய மகள் ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினாள். போர்டில் அவர் எண் வரவே இல்லை என்றாள் நாத்தனார். பெரிய டாக்டர் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். மணி அடித்த நேரம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. அது பெட்டியே எழுதி அனுப்புகிற நேரம். நர்ஸ் வந்து போர்டைத் தொட்டு அணைத்த நேரமும் இருந்தது. நடுவில் மத்தியானத்தின் பெரும்பகுதி போயிருந்தது.

"மணி போர்டுக்கு வராமப் போக வாய்ப்பு இருக்கா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

சேமித்த எழுத்தெல்லாம் ஒரு வரி குறையாமல் ஓடியதைப் பாப்பா நினைத்தாள். "வரி வந்திருக்கு சார். அதான் பதிவாகியிருக்கு. எதுவும் தவறலை" என்றாள். பொய் சொல்லக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள்.

அன்று மாலையே நாத்தனாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடிந்தால் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட நர்ஸை வேறு எந்த ஆஸ்பத்திரியும் வாசலில் சேர்க்காது. அவளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு உலகம் கிடையாது.

வீட்டில் கணவன் பாப்பாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக் அவன். கையிலிருந்த கிரீஸ் போகும்வரை தேய்த்துக்கொண்டே நின்றான். "மெஷின் பொய் சொல்லாதுன்னு நீ சொல்றே. அக்கா பொய் சொல்ல மாட்டான்னு நான் சொல்றேன்" என்றான். "ரெண்டுல ஒண்ணு உடையணும்ல?"

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். நாத்தனார் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"வேலைக்குப் போகாத ஆளுக்கு எதுக்குக்கா இஸ்திரி?" என்றான் தம்பி.

"கசங்கிப் போய்க் கிடக்கணுமா? அது என்னடா பாவம் பண்ணுச்சு?" பாப்பா பக்கம் திரும்பவே இல்லை. "உக்காருங்க. சாட்சி சொல்ல வந்தவங்க நிக்கக் கூடாது."

பாப்பா உட்கார்ந்தாள். இஸ்திரிப் பெட்டி துணியில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் நாத்தனாருக்கே பொறுக்கவில்லை.

"நான் வார்டை விட்டு நகரலை. மருந்து எண்ணிட்டு இருந்தேன். நடுவுல ஒரு தடவை போர்டு கத்துச்சு, போய்ப் பாத்தா அந்தப் படுக்கைக்காரர் தூங்கிட்டு இருந்தாரு, பழைய பேய்தான்னு திரும்பி வந்துட்டேன்; அதுக்கப்புறம் போர்டு செத்துக் கிடந்துது. அப்புறம்தான் மூலைப் படுக்கைக்காரர் மணி அடிச்சாரு. அடிச்சது அவரு, போர்டுல வந்தது லிஃப்ட்காரர் நம்பரு. ஓடிப் போய்ப் பாத்தா, மனுஷன் தரையில. அவரைத் தூக்கற அமளியில மூலைக்காரரைப் பாக்கலை. அவரு வேற, 'மணி அடிச்சாக் கூட வர மாட்டீங்களா'ன்னு திட்டினாரு."

"அண்ணி" என்றாள் பாப்பா. "இன்னொருதரம் சொல்லுங்க. அடிச்சது யாரு?"

"மூலைக்காரர்."

"போர்டுல வந்தது?"

"லிஃப்ட்காரர்னு சொல்றேன்ல. காது அடைச்சுக்கிச்சா?"

"மூலைக்காரர் நம்பர் வரவே இல்லையா?"

"அவரு மறுபடி அடிச்ச பிறகுதான் வந்துது."

பாப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே தெருவில் ஒரு பெண் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாவின் கண் அங்கே இருந்தது. மனசு அந்தச் சின்ன இட்டரேட்டருக்குள் நுழைந்து ஒவ்வொரு படியாக இறங்கியது.

'திரும்பு' வந்தால் அடுத்த எழுத்தை எட்டிப் பார். மேல் வார்டில் அடுத்த எழுத்து கூடவே வந்துவிடும். கீழ் வார்டில் 'திரும்பு' தான் கடைசி. அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. அடுத்த எழுத்து என்பது அடுத்த மணிதான். யாராவது அடுத்த தடவை அழுத்தும்வரை, முழுதாக வந்து சேர்ந்துவிட்ட வரியைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய புரோகிராம் வாசலில் நிற்கும். சேமித்த எழுத்தில் ஓட்டிப் பார்த்தபோது காத்திருக்க வேண்டிய தேவையே வரவில்லை. எல்லாம் முன்பே வந்து கிடந்தது. அவசரக்காரர்கள் இரண்டாம் தடவை அழுத்தினார்கள், அவர்களுக்கு ஆள் வந்தது. அவர்களுடைய இரண்டாவது மணிதான் உள்ளே தங்கி, பின்னால் பேயாக வெளியே வந்தது. ஒருதரம் அழுத்திவிட்டுப் பொறுமையாக இருந்தவருக்குத்தான் யாரும் வரவில்லை.

வரி தவறவில்லை என்று அவள் சொன்னது உண்மை. வரி உள்ளேயே காத்திருந்தது. அதுவும் உண்மை.

"என்ன, மயக்கம் வருதா?" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, உங்க மேல தப்பு இல்லை. தப்பு என்னுது." நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். கணவனும் கேட்டான். அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அடுத்தவர் அழுத்தினால்தான் முந்தினவர் வருவார் என்பது மட்டும் புரிந்தது.

"இத நாளைக்கு விசாரணையில சொல்லுவியா?" என்று நாத்தனார் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பாப்பாவுக்குத் தாங்கவில்லை.

"சொல்றேன் அண்ணி."

அங்கிருந்தே கீழ் வார்டுக்கு போன் போட்டாள். எல்லாரையும் ரெண்டு தடவை அழுத்தச் சொல்லுங்க, காரணம் நாளைக்குச் சொல்றேன் என்றாள். எடுத்த நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "போன வாரம் ஒண்ணுன்னீங்க, இப்போ ரெண்டு. அடுத்த வாரம் மூணா?" என்றாலும் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை முதலாளி முழுவதும் கேட்டுவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினார், சைக்கிள் கடைக்குக் கேட்டுவிடும் என்கிற மாதிரி.

"சரி பண்ணிட முடியுமா?"

"முடியும் சார். சின்ன மாத்தம்தான். 'திரும்பு' வந்ததுமே வரியைக் குடுத்துடணும். பின்னாடி 'இறங்கு' வந்தா அப்போ பாத்து விழுங்கிக்கலாம். முன்னாடியே இப்படித்தான் எழுதியிருக்கணும்."

"அப்போ பண்ணிடு. சர்வீஸ்னு சொல்லி ஏத்திடலாம். அதோட விட்டுடு."

"அண்ணிக்கு வேலை போயிடும் சார்."

"வேற வார்டுக்கு மாத்துவாங்க. அவ்வளவுதான் பண்ணுவாங்க." அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பாப்பா, நம்ம மணி அடிச்சா நர்ஸ் வர மாட்டாங்கன்னு ஒரு தடவை பேர் கெட்டுதுன்னா, அப்புறம் எந்த ஆஸ்பத்திரி படியேற முடியும்? உன் சோறும் இதுலதான், என் சோறும் இதுலதான். இவரு சோறும்" என்று வயர்மேனைக் காட்டினார்.

வயர்மேன் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது நிறுத்தினார். "நானும் ஒருதரம் அழுத்திப் பாத்திருக்கணும் சார். டிங் டிங்னு தட்டிட்டு வந்துட்டேன்."

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றார் முதலாளி.

விசாரணை மத்தியானம். பாப்பா தன் மேஜையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். எப்படியாவது அண்ணியைக் காப்பாத்து, எப்படியாவது காப்பாத்து என்று வேண்டிக்கொண்டே இருந்தாள். பாதியில் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. காப்பாற்றுகிற வார்த்தையைத் தன் வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு, அதையே கடவுளிடம் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். முதலாளி தடுக்கவில்லை. கூடப் போகவும் இல்லை.

விசாரணை அறையில் பெரிய டாக்டர், லிஃப்ட்காரரின் மகள், இஸ்திரி மடிப்புக் கலையாத யூனிஃபார்மில் நாத்தனார். பாப்பா சொல்லத் தொடங்கியதுமே மகள் குறுக்கிட்டாள்.

"இவங்க உங்க சொந்தக்காரங்கதானே? ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அன்னிக்கு மெஷின் சரின்னீங்க, இன்னிக்குத் தப்புங்கறீங்க. நாளைக்கு என் அப்பா தானே குதிச்சார்னு சொல்லுவீங்க."

பதில் சொல்லிப் பயனில்லை என்று பாப்பாவுக்குத் தெரிந்தது. "கீழே வாங்கம்மா. நீங்களே அழுத்திப் பாருங்க" என்றாள்.

எல்லாரும் கீழ் வார்டுக்குப் போனார்கள். ஜன்னலோரப் படுக்கையில் விரிப்பு இல்லை, வெறும் மெத்தை. மற்றவர்களை யாரும் அழுத்தாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அதில் தொங்கிய பழைய பொத்தானைப் பாப்பா மகளிடம் கொடுத்தாள். பழைய புரோகிராம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; முன்பு யாரோ அழுத்தி உள்ளே தங்கியிருந்த வரி போகட்டும் என்று அதை ஒருதரம் அணைத்துப் போட்டிருந்தாள், அவ்வளவுதான். மகள் ஒருதரம் அழுத்தினாள். போர்டு இருட்டாகக் கிடந்தது. பெரிய டாக்டர் போர்டையே பார்த்தார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. மகள் நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை தானாகக் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டது.

பாப்பா மூலைப் படுக்கைக்குப் போய் அங்கே ஒருதரம் அழுத்தினாள். போர்டு கூவிக்கொண்டு எரிந்தது. அதில் ஜன்னலோரப் படுக்கையின் எண்.

மகள் மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். "இப்படியா காத்துட்டு இருந்தாரு?" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை.

"ஒருதரம் அழுத்துங்கன்னு அவர்கிட்ட சொன்னது நான்" என்றாள் நாத்தனார்.

"சொல்லச் சொன்னது நான்" என்றாள் பாப்பா.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாத்தனார் மறுநாள் வேலைக்கு வரலாம் என்றார். மணி விஷயத்தை முதலாளியோடு தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். சொன்ன விதத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை. பாப்பா நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து திருத்திய இட்டரேட்டரை ஏற்றினாள். இந்த முறை தானே படுக்கை படுக்கையாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒருதரம் அழுத்திவிட்டு, போர்டு எரிகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். எரிந்தது. மனசு ஆறவில்லை.

லிஃப்ட்காரருக்கு அறுவை சிகிச்சை முடிந்து மேல் மாடியில் ஒரு அறையில் வைத்திருந்தார்கள். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பாப்பா போனாள். நாத்தனாரும் பின்னால் வந்து வாசலில் நின்றாள். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. நர்ஸைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்க ஐயா" என்று பாப்பா கட்டிலருகே போனாள். மணிக்குப் புரோகிராம் எழுதினது நான்தான், அதில் இன்ன தப்பு என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். லிஃப்டை வைத்தே சொன்னாள்: ஒருத்தர் பொத்தானை அழுத்தினா லிஃப்ட் வராது ஐயா, வேற மாடியில இன்னொருத்தர் அழுத்தினாத்தான் முதல் ஆளுக்கு வரும், அப்படி ஆகிப்போச்சு.

அவர் தலைமாட்டில் தொங்கிய பொத்தானைப் பார்த்தார்.

"அப்போ நான் ரெண்டாந்தரம் அழுத்தியிருந்தா?"

பாப்பாவுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வரக் கூடாது என்று படியேறும்போது வேண்டிக்கொண்டுதான் வந்தாள். "வந்திருப்பாங்க ஐயா" என்றாள்.

அவர் கண் வாசலில் நின்ற நாத்தனாரிடம் போய்த் திரும்பியது. "பொத்தான் கையிலதான் இருந்துது" என்றார். "அந்தம்மா வேலையா இருக்கும், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கீழ வெச்சுட்டேன்."

"மன்னிச்சுடுங்க ஐயா."

"சரிம்மா" என்றார். மன்னித்தாரா, பேச்சை முடித்தாரா என்று தெரியவில்லை. "இனி நடக்க முடியுமான்னு டாக்டரு சொல்ல மாட்டேங்கறாரு. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாப்பா கை கூப்பினாள். அவர் பார்க்கவில்லை.

படியில் நாத்தனார் முன்னால் இறங்கினாள். கீழே வந்ததும் நின்று, பாப்பாவின் தோளில் கலைந்திருந்த புடவைத் தலைப்பை எடுத்துச் சரியாகப் போட்டாள். வார்டில் யார் போர்வையையும் சரிசெய்கிற அதே கை.

"சொன்னதுக்கு நன்றி" என்றாள். "ஆனா இந்த வாரம் வீட்டுக்கு வராதே பாப்பா. என் வாய் சும்மா இருக்காது. ஏதாவது சொல்லிடுவேன், அப்புறம் நானே வருத்தப்படுவேன். அடுத்த வாரம் வா."

வாசலில் கணவன் ஸ்கூட்டரில் காத்திருந்தான். டிப்போவிலிருந்து பாதியில் வந்திருக்கிறான்; சட்டையில் எண்ணெய்க் கறை.

"அக்கா என்ன சொன்னா?"

"இந்த வாரம் வர வேண்டாம்னாங்க."

அவன் தலை குனிந்தது. ஸ்கூட்டரை உதைத்தான், அது கிளம்பவில்லை. "அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் வரச் சொன்னாங்க."

"அப்போ ஏறு" என்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள். மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்க்க நினைத்தாள்; தைரியம் வரவில்லை. அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு, லிஃப்ட்காரருக்காக வேண்டத் தொடங்கினாள். அவரை எழுந்து நடக்கவைக்கச் சொல்லிக் கேட்டாள். தனக்கென்று எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.